அளவு குறைந்தால் குணம் மாறும்: அன்றாடப் பொருள்களில் நானோ தொழில்நுட்பம்

'நானோ' என்ற சொல் இன்று படாத பாடு படுகிறது. கையடக்கமாக இருக்கும் எந்தப் பொருளுக்கும் அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள்; ஷாம்பூ முதல் சுவர்ப்பூச்சு வரை விளம்பரங்களில் அது ஒரு மந்திரச் சொல்லாக ஒலிக்கிறது. இன்னொரு பக்கம், இரத்தக் குழாய்க்குள் நீந்தும் குட்டி இயந்திரங்கள், ஊசி வழியே உடலில் புகுத்தப்படும் மின்னணுச் சில்லுகள் என்று அச்சமும் கற்பனையும் கலந்த கதைகள் உலவுகின்றன. முதல் கூட்டத்தார் நானோ என்றால் 'சிறியது' என்று நினைக்கிறார்கள். இரண்டாம் கூட்டத்தார் 'சிறிய இயந்திரம்' என்று நினைக்கிறார்கள். விஷயம் வேறு. ஒரு பொருளை ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே சிறிதாக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அதன் குணமே மாறத் தொடங்குகிறது. அந்த மாற்றத்தை வேண்டுமென்றே வரவழைத்துப் பயன்படுத்துவதுதான் நானோ தொழில்நுட்பம். அதன் பலன்கள் ஏற்கெனவே நம் கைகளிலும் வீடுகளிலும் இருக்கின்றன. பெரும்பாலும் அவை இயந்திரங்களாக இல்லை, தூளாகவும் பூச்சாகவும் கொழுப்புத் துளியாகவும் இருக்கின்றன.

எவ்வளவு சிறியது?

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இப்படிச் சொன்னால் மனத்தில் எதுவும் பதியாது என்பதால், எல்லாவற்றையும் பத்து இலட்சம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்கலாம். அப்போது ஒவ்வொரு நானோமீட்டரும் ஒரு மில்லிமீட்டராக, அதாவது சாதாரண அளவுகோலில் உள்ள மிகச் சிறிய கோட்டு இடைவெளியாக ஆகிவிடும். அந்த உலகில் ஒரு தலைமுடியின் தடிமன் 80 முதல் 100 மீட்டர் வரை, ஏறக்குறைய ஒரு கால்பந்து மைதானத்தின் நீளம் இருக்கும். இரத்தச் சிவப்பணு ஒன்று 7 அல்லது 8 மீட்டர் அகலமுள்ள தட்டாகத் தெரியும். கொரோனா வைரஸ் 10 சென்டிமீட்டர் உருண்டையாக உள்ளங்கையில் அடங்கும். மரபுப் பொருளான டி.என்.ஏ. இழையின் தடிமன் 2 மில்லிமீட்டர். தங்க அணு ஒன்று கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேலே, ஒரு மணல் துகள் போலக் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரோ 1,600 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பார்.

பொதுவாக, ஏதேனும் ஒரு பக்கத்திலாவது 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ள பொருள்களை நானோ அளவுப் பொருள்கள் என்கிறோம். அத்தகைய தூள்மணிகளுக்கு நானோதுகள் என்று பெயர். அடுப்புப் புகையிலும் கடல் தெளிப்பிலும் இந்த அளவுத் துகள்கள் இயற்கையாகவே உண்டு; ஆனால் அளவைத் தெரிந்து, கட்டுப்படுத்தி, ஒரு வேலைக்காக உருவாக்கும்போதுதான் அது தொழில்நுட்பம் ஆகிறது. அணு அளவில் பொருள்களைக் கையாள முடியும் என்ற எண்ணத்தை இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் 1959இல் ஓர் உரையில் முன்வைத்தார். 'நானோ தொழில்நுட்பம்' என்ற பெயரை 1974இல் ஜப்பானியப் பேராசிரியர் நோரியோ தானிகுச்சி முதன்முதலில் பயன்படுத்தினார். 1981இல் கெர்ட் பின்னிக்கும் ஹைன்ரிச் ரோரரும் உருவாக்கிய ஒரு வகை நுண்ணோக்கி, தனித்தனி அணுக்களைப் படமாக்கிக் காட்டியது. வரலாறு இந்த அளவுக்குப் போதும். குணம் ஏன் மாறுகிறது என்பதே நமக்கு முக்கியம். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

விறகுக் கட்டையும் மரத்தூளும்

ஒரு பெரிய விறகுக் கட்டைக்கு நேராகத் தீக்குச்சியைக் காட்டினால் அது கருகுமே தவிர எரியாது. அதே கட்டையைச் சுள்ளிகளாகப் பிளந்தால் எளிதில் பற்றிக்கொள்ளும். மென்தூளாக்கிக் காற்றில் தூவினால் ஒரு பொறியே வெடிப்பை உண்டாக்கிவிடும். மரத்தூளும் மாவும் பறக்கும் ஆலைகளில் இது உண்மையான ஆபத்து. மரம் மாறவில்லை. காற்றைத் தொடும் பரப்பு மாறியிருக்கிறது. எரிதல், கரைதல், துருப்பிடித்தல் போன்ற வேதி நிகழ்வுகள் பொருளின் மேற்பரப்பில்தான் நடக்கின்றன. உள்ளே இருக்கும் அணுக்கள் தங்கள் முறை வரும்வரை சும்மா இருக்கின்றன.

கணக்காகப் பார்த்தால் இது இன்னும் வியப்பாக இருக்கும். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மொத்த மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். ஓர் அஞ்சல்தலையைப் போன்றது. அதை 1 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகும். 1 நானோமீட்டர் துண்டுகளாக வெட்ட முடிந்தால் 6,000 சதுர மீட்டர் ஆகிவிடும். எடை கூடவில்லை, பொருள் கூடவில்லை. அஞ்சல்தலை மட்டும் கால்பந்து மைதானத்தின் அளவுக்கு விரிந்துவிட்டது. 30 நானோமீட்டர் துகளில் ஏறத்தாழ 5 சதவீத அணுக்கள் மேற்பரப்பில் இருக்கும். 10 நானோமீட்டர் துகளில் 20 சதவீதம். 3 நானோமீட்டர் துகளில் ஏறக்குறைய பாதி. பாதி அணுக்கள் வெளியுலகைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு பொருள், கட்டியாக இருந்தபோது நடந்துகொண்டதைப் போல நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

சிவப்புத் தங்கம்

இரண்டாவது காரணம் ஒளி. கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஓர் அலையாகக் கருதினால், அதன் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையிலான தூரம் அலைநீளம் எனப்படும். நிறத்தைப் பொறுத்து அது 400 முதல் 700 நானோமீட்டர் வரை இருக்கும். நானோதுகள்கள் இந்த அலையைவிடச் சிறியவை. எனவே பெரிய பொருள்கள் ஒளியை எதிர்கொள்ளும் விதத்தில் அவை எதிர்கொள்வதில்லை.

ஒரு தட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடந்தால் அது தளும்பும். தட்டின் அகலத்தைப் பொறுத்து அந்தத் தளும்பலுக்கு ஒரு தாளம் உண்டு. நம் நடையின் தாளம் அதனோடு ஒத்துப்போனால் தண்ணீர் வெளியே சிந்திவிடும். உலோகத்துக்குள் சுதந்திரமாகத் திரியும் எலக்ட்ரான்களும் அந்தத் தண்ணீரைப் போன்றவை. தங்கத்தை 20 நானோமீட்டர் அளவு உருண்டைகளாக்கினால், அதனுள் அடைபட்ட எலக்ட்ரான்கள் பச்சை ஒளியின் தாளத்தோடு ஒத்துத் தளும்புகின்றன. பச்சை உறிஞ்சப்பட்டுவிடுவதால் கண்ணுக்கு வந்து சேர்வது சிவப்பு. அத்தகைய தங்கம் கலந்த நீர் திராட்சை ரசத்தின் நிறத்தில் இருக்கும். துகளின் அளவையும் வடிவத்தையும் மாற்றினால் நிறமும் மாறும்.

ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே 1857இல் இந்தச் சிவப்புத் தங்க நீரை ஆராய்ந்து, தங்கத்தின் மிக நுண்ணிய துகள்களே நிறத்துக்குக் காரணம் என்று விளக்கினார். அவருக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, காரணம் தெரியாமலே இதைக் கையாண்ட கைவினைஞர்கள் இருந்திருக்கிறார்கள். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள நான்காம் நூற்றாண்டு ரோமானியக் கண்ணாடிக் கோப்பை ஒன்று, வெளியிலிருந்து ஒளி பட்டால் பச்சையாகவும், உள்ளிருந்து ஒளி ஊடுருவினால் சிவப்பாகவும் தெரியும். கண்ணாடிக்குள் 100 நானோமீட்டருக்கும் சிறிய தங்க, வெள்ளித் துகள்கள் கலந்திருப்பதே காரணம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாக மனத்தில் வைத்துக்கொள்ளலாம்: நானோ அளவில் பொருளின் மேற்பரப்பு மிகப் பெரிதாகிறது, ஒளியோடும் எலக்ட்ரான்களோடும் அதன் உறவு மாறுகிறது. இனி வரும் பயன்பாடுகளில் இந்த இரண்டில் எது வேலை செய்கிறது என்று கேட்டுக்கொண்டே படித்தால் குழப்பம் வராது. எதுவுமே வேலை செய்யவில்லை என்றால், அங்கே நானோ என்பது வெறும் பெயர்ப்பலகை.

வெள்ளை பூசாத சன்ஸ்கிரீன்

வெயிலில் தோலைக் காக்கும் சன்ஸ்கிரீன் களிம்புகளில் பல, துத்தநாக ஆக்ஸைடு அல்லது டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற தாதுப் பொடியைக் கொண்டவை. இந்தப் பொடிகள் புற ஊதாக் கதிரை, அதாவது கண்ணுக்குத் தெரியாத, தோலைச் சுட்டெரிக்கும் ஒளியை உறிஞ்சிக்கொள்கின்றன. கண்ணாடியைப் போலத் திருப்பி அனுப்புகின்றன என்று பலர் எழுதுகிறார்கள். முக்கிய வேலை உறிஞ்சுவதுதான். பழைய களிம்புகளைப் பூசினால் முகம் சுண்ணாம்படித்தது போல வெளுத்துவிடும். காரணம், பொடியின் மணிகள் ஒளி அலையோடு ஒப்பிடக்கூடிய அளவில் இருந்து கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் எல்லாத் திசைகளிலும் சிதறடித்தன. வெள்ளைச் சுவர்ப்பூச்சு வெள்ளையாகத் தெரிவதும் அப்படித்தான்.

கடலலை ஒரு பெரும் பாறையில் மோதினால் உடைந்து சிதறும். ஒரு கூழாங்கல்லை அது கண்டுகொள்வதே இல்லை. மணிகளை 100 நானோமீட்டருக்கும் கீழே கொண்டுவந்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளி அவற்றைக் கூழாங்கல்லாகவே கருதிக் கடந்து போகிறது. இந்தச் சரிவு மிகவும் செங்குத்தானது: துகளின் விட்டம் பாதியானால் அது சிதறடிக்கும் ஒளி 64இல் ஒரு பங்காகிவிடும். ஆனால் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் திறன் அந்தத் தாதுவின் உள்ளமைப்பிலிருந்து வருவது. அது அப்படியே இருக்கிறது. வேண்டாத குணத்தைக் கழித்து வேண்டிய குணத்தை மட்டும் நிறுத்திக்கொள்ள அளவு ஒன்றே கருவியாகிறது.

சோதனைப் பட்டையில் தோன்றும் கோடு

வீட்டிலேயே செய்துகொள்ளும் கருத்தரிப்புச் சோதனைப் பட்டையையும் கொரோனா விரைவுச் சோதனைப் பட்டையையும் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். துளிகளை விட்ட சில நொடிகளில், வெள்ளைச் சாளரத்தின் ஒரு முனையிலிருந்து மங்கலான செந்நிற ஈரம் மறுமுனை நோக்கி நகர்வதைக் கூர்ந்து பார்த்தவர்கள் கவனித்திருக்கலாம். பெரும்பாலான பட்டைகளில் அந்தச் செந்நிறம் சாயம் அல்ல. ஃபாரடே பார்த்த அதே தங்கம்.

பட்டையின் தொடக்கத்தில், ஏறத்தாழ 40 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் உலர்ந்த நிலையில் வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு துகளின் மேலும் எதிர்ப்பொருள்கள் ஒட்டியிருக்கும். எதிர்ப்பொருள் என்பது ஒரே ஒரு குறிப்பிட்ட இலக்கை மட்டும் அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதம். பூட்டுக்கு ஏற்ற சாவி. துளி விழுந்ததும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலப் பட்டை ஈரத்தை இழுக்கிறது. தங்கத் துகள்களும் உடன் மிதந்து புறப்படுகின்றன. தேடப்படும் ஹார்மோனோ வைரஸ் புரதமோ துளியில் இருந்தால், தங்கத்தின் மேலுள்ள எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொள்ளும். வழியில் சோதனைக் கோடு இருக்கும் இடத்தில், அதே இலக்கின் இன்னொரு பக்கத்தைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் அசையாமல் நிறுத்தப்பட்டிருக்கின்றன. இலக்கைச் சுமந்துவரும் தங்கத் துகள்கள் அங்கே மாட்டிக்கொண்டு குவிகின்றன. குவியல் போதுமானதாகும்போது நம் கண்ணுக்குச் சிவப்புக் கோடு தெரிகிறது. இலக்கு இல்லையென்றால் தங்கம் நிற்காமல் கடந்துபோய்விடும்.

அதற்கு அடுத்த கோடு, தங்கத்தின் மேலுள்ள எதிர்ப்பொருளையே பிடித்து நிறுத்துவது. இலக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் ஈரம் சரியாக ஓடவில்லை என்று பொருள், அந்தச் சோதனை செல்லாது. இவ்வளவுக்கும் தங்கம் ஏன்? ஒரு துகளில் உள்ள ஏறத்தாழ 20 இலட்சம் தங்க அணுக்களின் எலக்ட்ரான்கள் ஒன்றாகத் தளும்பி ஒளியை உறிஞ்சுவதால், மிகச் சொற்பமான தங்கமே அழுத்தமான நிறத்தைத் தருகிறது. புரதங்கள் அதன் மேல் நன்றாக ஒட்டுகின்றன. ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தாலும் அது வெளுப்பதில்லை. மின்கலமும் கருவியும் இல்லாமல், மூலக்கூறுகளின் சந்திப்பைக் கண்ணுக்குக் காட்டிவிடும் இந்தப் பட்டையைத்தான் நானோ தொழில்நுட்பத்தின் மிக நேர்த்தியான அன்றாடப் பயன்பாடு என்று நான் சொல்வேன். அதன் உறையில் பெரும்பாலும் நானோ என்ற சொல்லே இருக்காது.

திரையில் அளவே நிறமாகும்போது

ஒரு தந்தி இசைக்கருவியில் தந்தியின் நீளத்தைக் குறைத்தால் ஒலி உச்சத்துக்கு ஏறும். தந்தி அதேதான், அதிர இடம் குறைந்துவிட்டது. குறைகடத்தி எனப்படும், மின்சாரத்தை ஓரளவுக்கே கடத்தும் பொருளைச் சில நானோமீட்டர் அளவுப் படிகங்களாக்கினால், அதனுள் எலக்ட்ரானுக்கு இதே நெருக்கடி ஏற்படுகிறது. இடம் குறையக் குறைய அது வெளியிடும் ஒளியின் ஆற்றல் கூடுகிறது. இந்தப் படிகங்களுக்குக் குவாண்டம் புள்ளிகள் என்று பெயர். காட்மியம் செலினைடு என்ற ஒரே பொருளில், 2 நானோமீட்டர்ப் புள்ளி நீலமாகவும், 3 நானோமீட்டர்ப் புள்ளி பச்சையாகவும், 6 நானோமீட்டர்ப் புள்ளி சிவப்பாகவும் ஒளிரும். அலெக்ஸி எகிமோவ், லூயி புருஸ், மௌங்கி பவெண்டி ஆகிய மூவரும் இதைக் கண்டறிந்து பக்குவமாகத் தயாரிக்கும் வழியைத் தந்ததற்காக 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார்கள்.

'கியூஎல்இடி' என்று விற்கப்படும் தொலைக்காட்சிகளில் பின்புறம் நீல ஒளி எரிகிறது. அதன் முன்னால் உள்ள படலத்தின் குவாண்டம் புள்ளிகள், நீலத்தில் ஒரு பகுதியை வாங்கித் தூய பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றித் தருகின்றன. அதனால்தான் அந்தத் திரைகளில் நிறங்கள் பளிச்சென்று பிரிந்து தெரிகின்றன.

தாமரை இலையும் தடுப்பூசியும்

'தாமரை இலைத் தண்ணீர் போல' என்று ஒட்டாத உறவைச் சொல்வதுண்டு. ஆனால் அந்த இலை ஏன் ஒட்டவிடுவதில்லை என்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வழியே பார்த்து விளக்கினார். இலை வழுவழுப்பாக இருப்பதால் அல்ல, கரடுமுரடாக இருப்பதால்தான் நீர் ஒட்டுவதில்லை. இலை முழுவதும் நுண்ணிய மேடுகள். அந்த மேடுகளின் மேல் நானோ அளவு மெழுகுக் குச்சிகள். நீர்த்துளி அந்த முனைகளின் மேல் மட்டும் உட்கார்ந்திருக்கிறது; இடையில் எங்கும் காற்று. எனவே துளி உருண்டையாகி, தூசியையும் வாரிக்கொண்டு ஓடிவிடுகிறது. இதைப் பின்பற்றி நீர் ஒட்டாத, அழுக்குச் சேராத பூச்சுகள் வந்துள்ளன. ஆனால் நீர் ஒட்டாத துணிகள் பலவற்றில் அந்த வேலையைச் செய்வது ஃபுளூரின் கலந்த வேதிப்பூச்சே தவிர, இலையின் உத்தி அல்ல. மேலும், இந்த நுண்மேடுகள் தேய்ந்தால் குணமும் போய்விடும். இலை வளர்ந்து புதுப்பித்துக்கொள்ளும், துணி புதுப்பித்துக்கொள்ளாது.

தடுப்பூசியில் நானோ என்றதும் சில்லுகளை நினைத்து அஞ்சியவர்கள் பலர். 2020இன் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்த எம்.ஆர்.என்.ஏ. கொரோனாத் தடுப்பூசிகளில் உண்மையில் இருந்தது, ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்பு உருண்டை. எம்.ஆர்.என்.ஏ. என்பது எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மரபுச் செய்திச் சீட்டு. அதை அப்படியே ஊசியில் ஏற்றினால் உடலின் நொதிகள் நிமிடங்களில் கிழித்தெறிந்துவிடும். செல்லைச் சுற்றியுள்ள சவ்வும் உள்ளே விடாது. கொழுப்பு உறை இரண்டு தடைகளையும் கடக்க உதவுகிறது. செல் அந்த உருண்டையை ஒரு சிறு பைக்குள் வாங்கிக்கொள்கிறது; பையின் உட்புறம் அமிலத்தன்மை அடைந்ததும், உறையிலுள்ள ஒரு வகைக் கொழுப்பு நேர்மின் ஏற்றம் பெற்றுப் பையின் சுவரைக் குலைக்கிறது; சீட்டு வெளியே நழுவுகிறது. வைரஸின் அளவிலேயே இந்த உருண்டையும் இருப்பது தற்செயல் அல்ல. அந்த அளவுப் பொருள்களைத்தான் செல்கள் வழக்கமாக உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

டயரும் சில்லும்

வாகன டயர் ஏன் கறுப்பு? இயற்கை ரப்பர் வெளிர் நிறம், எளிதில் தேய்வதும்கூட. அதில் பல்லாயிரம் கிலோமீட்டர் தாங்கும் உறுதியைச் சேர்ப்பது, சில பத்து நானோமீட்டர் அளவு மணிகளாலான கரித்தூள். அதன் பெரும் மேற்பரப்பு ரப்பர் இழைகளை இறுகப் பற்றிக்கொள்கிறது. நானோ என்ற சொல் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இது நடைமுறைக்கு வந்துவிட்டது. அதே வாகனத்தின் புகைக்குழாயில், பீங்கான் தேன்கூட்டின் மேல் தூவப்பட்ட பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் நானோதுகள்கள் நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றுகின்றன. விலையுயர்ந்த உலோகத்தைச் சில கிராமோடு நிறுத்திக்கொள்ள முடிவது மேற்பரப்புக் கணக்கால்தான்.

கைப்பேசியின் சில்லு வேறு கதை. அதன் டிரான்சிஸ்டர்கள், அதாவது மின்சாரத்தைத் திறந்து மூடும் நுண்சுவிட்சுகள், உண்மையிலேயே நானோ அளவில்தான் செதுக்கப்படுகின்றன. 2020இல் வந்த ஆப்பிள் எம்1 சில்லு ஒன்றில் 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள் இருந்தன. ஆனால் '5 நானோமீட்டர் சில்லு', '3 நானோமீட்டர் சில்லு' என்று விளம்பரத்தில் வரும் எண்ணை யாரும் அளவுகோல் வைத்து அளந்து எழுதவில்லை. ஒரு காலத்தில் அது சுவிட்சின் ஓர் உறுப்பின் நீளத்தைக் குறித்தது. இன்று அது தயாரிப்புத் தலைமுறையின் பெயர் மட்டுமே.

அதே குணம், எதிர்ப் பக்கம்

வெள்ளி, பாக்டீரியாக்களைக் கொல்லும் மின்னேற்ற அணுக்களை மெல்லக் கசியவிடும். நானோ அளவில் மேற்பரப்பு கூடுவதால் கசிவும் கூடும். எனவே நாற்றம் வராத காலுறை என்று வெள்ளி நானோதுகள் சேர்த்த துணிகளை விற்கிறார்கள். கொள்கை சரிதான். ஆனால் கசிவது துவைக்கும் நீரிலும் கசியும். அப்படிச் சில துணிகள் சில முறை துவைத்த பிறகு வெள்ளியின் பெரும்பகுதியை இழந்ததைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இழந்த வெள்ளி கழிவுநீருக்குப் போகிறது. அங்கே நமக்கு வேண்டிய நுண்ணுயிர்களும் இருக்கின்றன.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது 'நானோ நல்லதா, கெட்டதா' என்று கேட்பதில் பயனில்லை. கத்தி நல்லதா என்று கேட்பதைப் போன்றது அது. என்ன பொருள், எதனுள் இருக்கிறது, எந்த வழியே உடலுக்குள் போகும் என்ற மூன்றையும் கேட்க வேண்டும். டயரின் ரப்பருக்குள் இறுகிய கரித்தூளும், காற்றில் பறக்கும் கரித்தூளும் ஒன்றல்ல. டைட்டானியம் டை ஆக்ஸைடையே எடுத்துக்கொண்டால், உணவுக்கு வெண்மை தர அதைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடை செய்தது. உணவு நிறமியில் நானோ அளவு மணிகளும் ஒரு பகுதியாகக் கலந்திருப்பதும், மரபுப் பொருளுக்கு அது கேடு விளைவிக்கலாம் என்ற ஐயத்தை விலக்க முடியாததும் காரணம். அதே பொருளைச் சன்ஸ்கிரீனில் அங்கே அனுமதிக்கிறார்கள், ஏனெனில் நலமான தோலின் இறந்த மேலடுக்கைத் தாண்டி அது உள்ளே போவதாகச் சோதனைகளில் தெரியவில்லை. 2013 முதல் அங்கே விற்கும் ஒப்பனைப் பொருள்களில், நானோ அளவில் சேர்த்த ஒவ்வொரு சேர்மானத்தின் பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'நானோ' என்று அச்சிட வேண்டும் என்பது விதி. அந்தச் சன்ஸ்கிரீனையே காற்றில் தெளிக்கும் புட்டியில் அடைப்பது பற்றி மட்டும் ஐரோப்பிய நிபுணர் குழு வேறு முடிவுக்கு வந்தது: தோலில் பூசும்போது வெளியே நின்றுவிடும் துகள்கள், மூச்சோடு நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பதால், அந்த வடிவில் அதைப் பயன்படுத்த அது பரிந்துரைக்கவில்லை.